பொட்டளவு வெள்ளை

வெண்மதியின் நெற்றியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் தங்கராசுவுக்கு எந்நேரமும் அதே நினைப்பு.

காரணம், பசை. ஸ்டிக்கர் பொட்டு வியர்வையில் விழாமலிருக்க, ஒரு கம்பெனி, அட்டையில் சொல்லாமலே, பசையில் ஒரு ரசாயனம் கலந்திருந்தது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை அது கொன்றுவிடும். பொட்டு தினமும் ஒரே இடத்தில்தானே உட்காரும்? அங்கே சரியாகப் பொட்டளவுக்கு வெளுத்துவிடும். பெண்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனி சமரசத்துக்கு இறங்கியது. வெளுத்தவர்களுக்கு நஷ்டஈடு, மிச்சப் பாக்கெட்டுகளைக் கடைகளே திரும்ப வாங்க வேண்டும்.

அந்தப் பொட்டைத்தான் தொண்டூர் வெண்மதி வெள்ளிக்கிழமை தவறாமல் வாங்கினாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றி, கண்கள் மட்டும் தெரிய ஸ்கூட்டியில் வருவாள். அந்தக் கண்களுக்காகத் தங்கராசு வியாழக்கிழமையே சட்டை தேய்த்து வைப்பான்.

"வெளுத்திருந்தா? விஷத்த வித்தவன எந்தப் பொண்ணு யக்கா திரும்பிப் பாக்கும்?" என்று வாசலில் பூக்கட்டும் குஞ்சம்மாளிடம் புலம்பினான்.

"துப்பட்டாவ எடுன்னு கேளேன்."

"செருப்பு பிஞ்சிடும்!"

அந்த வெள்ளிக்கிழமை ஃபேனை அவள் பக்கம் திருப்பி முழு வேகத்தில் வைத்தான். துப்பட்டா அசையவில்லை. தொங்கிய பொட்டு அட்டைகள்தான் ரோட்டில் பறந்தன.

"வேற கம்பெனி பொட்டு குடுக்கட்டுங்களா?" என்றான், அசடு வழிய.

"எதுனா குடுங்க."

அடுத்த வாரம் கண்ணாடியை நீட்டினான். அவள் கண்மையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

கடைசியில் போர்டே வைத்தான்: 'நெற்றி வெளுத்தவர்கள் உள்ளே வரவும்.' அந்த வெள்ளிக்கிழமை அமாவாசையும் சேர்ந்துகொண்டது. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் கடைக்குள் புகுந்து நஷ்டஈடு கேட்டுச் சண்டை பிடித்தது. ஸ்கூட்டி வந்தது, கூட்டத்தைப் பார்த்தது, திரும்பிப் போனது.

பிறகு வரவேயில்லை. தேய்த்த சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கியது. எந்த ஸ்கூட்டி சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்ப்பான், வேறு யாராவதுதான்.

வெள்ளிக்கிழமைகூட இல்லாத ஒரு நாளில், வெண்மதி பெரிய பையோடு படியேறினாள். துப்பட்டா கழுத்தில் கிடந்தது. நெற்றியில் ஒரு குறையும் இல்லை. சின்னதாகக் கோயில் குங்குமம்.

"மிச்சத்தத் திரும்ப வாங்குறீங்களாமே," என்றாள், தரையைப் பார்த்தபடி.

தங்கராசு தேய்க்காத சட்டையை நீவிக்கொண்டிருந்தான். குஞ்சம்மாள்தான் பையை வாங்கி மேசையில் கொட்டினாள். ஒவ்வொரு பாக்கெட்டாகப் புரட்டினாள்.

"ஒண்ணுகூடப் பிரிக்கலியே! அப்ப வாராவாரம் இன்னாத்துக்குடி வந்த?"