தானா ஊதுறது

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஓ.எல். பரீட்சையில் தமிழுக்கு ‘ஏ’ எடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஒரு விமானத்துக்குள் எட்டுப் பேர் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் தமிழ்தான் என்று இன்றுவரை நான் சாதித்து வருகிறேன். (வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தம்புள்ளைக்கு அப்பால், வெளிநாட்டுக்காரர்களைச் சின்ன விமானத்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனி என்றால் ஒன்பது சீட் விமானம் ஒன்று, தகரக்கூரை ஒபீஸ் ஒன்று, யார் உதைத்தாலும் ஓடாத ஃபேன் ஒன்று. முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடிய, வேலை நிரந்தரம் என்று கடிதம் தருவார்கள். தராவிட்டால் நான் இரத்தோட்டைக்கே திரும்ப வேண்டும். ஊருக்குத் திரும்ப எனக்கு வெட்கமில்லை. ஆனால் பஸ்ஸில் அல்லவா திரும்ப வேண்டும்? அந்த பஸ்ஸில் கண்டக்டர் உட்பட ஒருவர் பாக்கியில்லாமல், “என் மக பிளேன்ல வேல செய்றா” என்று அம்மா சொல்லி முடித்திருந்தார்.

முதலாளி, மாத்தளை டவுனில் தலைமுறை தலைமுறையாக மிளகும் ஏலமும் விற்ற குடும்பத்துப் பெரியவர். எல்லோருக்கும் ஹாஜியார். தரைக்கு மேல் பறந்து அலுத்துப்போய், கடலுக்கு மேல் பறந்து திமிங்கிலம் காட்டலாம் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. கடல் என்றால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். அதைக் கொழும்பிலிருந்து அதிகாரி வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். ஜாக்கெட்டைத் தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் எஞ்சினியர் சிவநேசன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சில் சிக்கனம். இரண்டு கிழமை லீவில் ஊருக்குப் போக, பையும் கையுமாக வாசலில் நின்றவரைப் பிடித்தேன்.

“சேர், எந்த மாதிரி ஜாக்கெட் எடுக்கிறது?”

“மடிச்சுக் கழுத்தில போடுறது எடும். ஒண்டு மட்டும் கவனம் பிள்ளை. தானா ஊதுறதை எடுத்துப் போடாதையும்.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

கடைக்காரர் அனுப்பிய படங்களை விரித்துவைத்து ஆராய்ந்தேன். இரண்டு வகை இருந்தன. ஒன்று மெனுவல். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஜாக்கெட்டின் குழாயை வாயில் வைத்து, கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தார். பாவம், அவரே தானா ஊதிக்கொண்டிருந்தார். மற்றது ஓட்டோமெட்டிக். தண்ணீர் பட்டால் போதும், யாரும் ஊத வேண்டியதில்லை.

ஆக, ஐயா வேண்டாம் என்றது முதல் வகையைத்தான். எவ்வளவு நியாயமான பேச்சு! அடுப்பை நாலு தரம் ஊதினாலே எங்கள் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். நடுக்கடலில் விழுந்த வயசாளிகள் உட்கார்ந்து பலூன் ஊதுவார்களா? (அந்தக் குழாய் ஒரு அவசரத்துக்குத்தான், மெனுவலில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு, இழுத்தால் காற்று நிரம்பும் என்று படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. படம் விளங்கிய பிறகு எழுத்தை எதற்கு வாசிப்பது?)

இருந்தாலும் ஒரு வார்த்தைக்கு என் அண்ணனைக் கேட்டேன். இரத்தோட்டையில் ஹயர் வேன் ஓட்டுபவன். அந்த மாதம்தான் கியர் போடுகிற வேனைக் கொடுத்துவிட்டு ஓட்டோ வேன் எடுத்திருந்தான்.

“ஓட்டோவா மெனுவலான்னு இது ஒரு கேள்வியா? ஓட்டோ ஓட்டுனவன் மெனுவலத் திரும்பிப் பாப்பானா? கண்ண மூடிக்கிட்டு ஓட்டோ எடு.”

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

இதற்கிடையில் ஹாஜியார் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். “வெளிநாட்டுல புதுப் பயணம் போற பிளேனுக்குத் தண்ணி அடிச்சு மரியாதை செய்றாங்க மகள். அதிகாரி வார அண்டைக்கு நாங்களும் அடிக்கோணும்.” அந்த மரியாதையை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் எனக்கே. கலேவெலயில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் அடிக்கும் ட்ரக்டர் பவுசர் ஒன்றைப் பிடித்தேன். டிரைவரிடம் தெளிவாகச் சொன்னேன்: “எல்லாம் முடிஞ்சதும் நான் ரெண்டு கையையும் நீட்டிக் காட்டுவேன். காட்டுனதும் அடிச்சிருங்க.”

அந்த நாள் வந்தது. சிவநேசன் ஐயா விடியக்காலை பஸ்ஸில் வந்திறங்கி, மடித்து உறையில் கிடந்த ஜாக்கெட்டுகளைப் பார்த்தார்.

“தானா ஊதுறது இல்லைத்தானே பிள்ளை?”

“ஐயோ, இல்லவே இல்ல சேர்!” என்றேன். அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

விமானத்துக்குள் பைலட், அதிகாரி, ஹாஜியார், ஐயா, ஒபீஸ் ஆட்கள் மூவர், நான். எட்டுப் பேர் கழுத்திலும் ஜாக்கெட். வெக்கை தாங்காமல் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். அவசரத்தில் எப்படி வெளியேறுவது என்று பயணிகளுக்குச் சொல்வதைச் செய்துகாட்டும்படி அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கண்ணாடி முன்னால் ஒரு கிழமை பழகியிருந்தேன் அல்லவா, திறந்த கதவோரம் போய் நின்றேன். புன்னகைத்தேன். வெளியேறும் வழி இதுதான் என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

கலேவெல டிரைவர் சொன்ன சொல் தவறாத மனிதர்.

வெங்காயத்துக்கு அடிக்கிற தண்ணீர் என் முதுகில் அடித்து, தலைக்கு மேலால் போய், கடைசி சீட் வரைக்கும் நனைத்தது. பிறகு அதிகாரியின் கழுத்தில் ‘புஸ்’ என்றது. அடுத்தது ஹாஜியார். அப்புறம் வரிசையாக, ஒருவர் பாக்கியில்லை. நாடிக்குக் கீழே மஞ்சள் மூட்டை முளைத்து, ஒருவராலும் குனிய முடியவில்லை. ஹாஜியார் முன் சீட்டுக்கும் தன் சீட்டுக்கும் நடுவில் இறுகி, “யா அல்லாஹ், மகள், என்ன இது!” என்றார். ஓடிப்போய் உதவ எனக்கும் ஆசைதான். ஆனால் என் ஜாக்கெட் கதவு நிலைக்குள் ஊதி, நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். இருந்தது ஒரே வாசல்.

ஐயா மட்டும் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, குழாய் வாயில் குத்தித் தன் காற்றை இறக்கினார். பிறகு ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டே வந்து கடைசியில் என்னிடம் நின்றார்.

“பிள்ளை, நான் என்ன சொன்னனான்?”

“தானா ஊதுறத எடுக்காதீங்கன்னு சொன்னீங்க சேர். அதான், நாமளா வாயால ஊதுறத எடுக்கல.”

அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். “தமிழில சொன்னது என்ர பிழை,” என்றார்.

பைலட்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அதிகாரி சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “இப்போது இதற்குள் கூரை வரைக்கும் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் உங்களைத் தூக்கிக் கூரையில் ஒட்டிவைக்கும். மூழ்கினால்தான் கதவுக்குப் போகலாம். இது மூழ்க விடாது. அதனால்தான் விமானத்துக்கு, வெளியே வந்த பிறகு கயிற்றை இழுக்கிற ஜாக்கெட் வேண்டும் என்பது.”

அதுவரை என் வேலைக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த ஒன்பது சீட்டையும் பார்த்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. அழுதேன். ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அனுமதி கிடைக்கவில்லை. அதிகாரி போன பிறகு, “ஜாக்கெட்டும் நான்தான், பவுசரும் நான்தான் ஹாஜியார்,” என்று போய் நின்றேன். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, சொதசொதவென்று ஒரு கடிதத்தை எடுத்தார். எனக்கான நிரந்தரக் கடிதம். அன்றைக்கே கையில் தர வைத்திருந்தாராம். கையெழுத்து கரைந்து நீலக் குளமாகியிருந்தது.

“இது காயட்டும் மகள்,” என்றார்.

காய மூன்று மாதம் ஆனது. அதற்குள் கயிறு இழுக்கும் ஜாக்கெட்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் நானே போட்டு, இழுத்து, குனிந்து, கதவால் இறங்கிப் பார்த்தேன். அதே அதிகாரி வந்து அனுமதியும் தந்தார். இம்முறை தண்ணீர் மரியாதை இல்லை. ஐயா இப்போது என்னிடம் எதையும் மூன்று மொழியில் சொல்கிறார்.

அம்மா அந்த பஸ்ஸில், பிளேனுக்குள் புகுந்த தண்ணீரை மகள் வாசலில் நின்று தடுத்ததாகச் சொல்லிவைத்திருக்கிறார். அண்ணன் அப்படி இல்லை. ‘கண்ண மூடிக்கிட்டு ஓட்டோ எடு’ என்று சொன்னதே அவனுக்கு ஞாபகமில்லையாம். ஆனால் இத்தனை வருடம் கழிந்தும், நான் எதற்காவது கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் போதும், என் கணவரையும் மகளையும் கூப்பிட்டு வைத்து விசாரிப்பான்:

“மூஞ்சி ஊதியிருக்கே, யாரும் கயித்த இழுத்தீங்களா? இல்ல, தானா ஊதுனதா?”

ஐந்து வயது மகள் கிட்ட வந்து என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள்: “தானாத்தான் மாமா.”

அப்புறம் இன்னும் கொஞ்சம் ஊதும்.