கட்டிலடிப் பலம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் அடுப்படிக்குக் கேட்டுவிடும்.

எழுபத்தொரு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வீட்டுக்காரி இழுத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பஸ் டிரைவரைக் கூப்பிட்டாள். அவர் என்னைத் துண்டோடு தூக்கி நிறுத்தினார். அதோடு விட்டாரா? தெரு முழுக்க என் எடையைச் சொல்லிக்கொண்டு போனார்.

அன்றே முடிவு செய்தேன். நான் செத்த பிறகு நாலு பேரில் ஒருவராக வந்து தூக்கட்டும். அதுவரை அந்தக் கை என் மேல் படக் கூடாது.

"வயசானா சதை கரையும் பெரியவரே. புரதம் சாப்பிடுங்க, எடை தூக்குங்க" என்றார் டாக்டர். புரத மாவு டப்பா ஒன்று, டம்பெல் இரண்டு வாங்கினேன். அவளுக்குத் தெரிந்தால் சிரிப்பாள் என்று கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். தினம் கதவைச் சாத்திக்கொண்டு மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு, டம்பெல்லோடு இருபது எண்ணினேன்.

இரண்டு மாதம் போச்சு. நாற்பது வருஷம் ஊருக்கே அளவெடுத்துத் தைத்தவன் நான். என் சட்டைக்குள் என் கையைத்தான் காணோம்.

நேற்று தரையில் உட்கார்ந்து தூக்கினேன். அப்புறம் எழ முடியவில்லை.

"ஏம்மா..."

வந்தாள். "பஸ்காரரைக் கூப்பிடட்டுமா?"

"அதுக்கு நான் இங்கேயே கிடக்குறேன்."

முழங்காலை மடக்கினாள். முதுகை நிமிர்த்தினாள். ஒரே தூக்கு. நாற்காலியில் இருந்தேன்.

"எப்படிடி?"

"எல்லாம் உங்க மாவுதான்."

"அது கட்டிலுக்கு அடியில இல்ல இருந்துச்சு?"

"கட்டிலுக்கு அடியில பெருக்குறது யாரு, நீங்களா?"

"அப்ப நான் குடிச்சது?"

"வறுத்த கோதுமை மாவு. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போட்டேன்."

"டாக்டர் எனக்குத்தானே சொன்னாரு?"

"தூக்கறவங்களுக்குச் சொன்னாரு. ஒவ்வொரு தூக்குக்கும் டம்பெல்லைக் கீழ வைக்கிறீங்க, அந்தச் சத்தம் ஆறு தடவைதான் கேக்குது. வாய் எண்ணுறது இருபது. ஆறுக்குக் கோதுமை போதும்."

"உனக்கு எதுக்கு இவ்வளவு பலம்?"

"விழறதுக்குப் பலம் வேணாம். தூக்கறதுக்கு வேணும். நாளைக்கு நீங்க படுத்துட்டா, புரட்டிப் போடறது பஸ்காரரா?"

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை.

குனிந்து என் டம்பெல்கள் இரண்டையும் எடுத்தாள். இருபது எண்ணினாள். நடுவில் ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை.