ஷேக் தஹ்ஷானின் மூச்சுத் தேன்

தமன்ஹூர் ரயில் நிலையத்துக்கு எந்த வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. ஷேக் தஹ்ஷானிடம் தேன் வாங்க வருகிற கூட்டம் மட்டும் சூரியனுக்கு முன்னாலேயே வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. காரில் வந்தவர்கள், கழுதை வண்டியில் வந்தவர்கள், கெய்ரோ வக்கீல்கள், அவர்களிடம் வழக்கைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்குகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே வரிசை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. நிலைய வாசலில் நான் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். நிற்கிற கூட்டம் பத்திரிகை வாங்கும். வாங்கியதைப் படிக்காது, வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளும். அறிவு தலைக்கு மேலே இருந்தால் போதும், உள்ளே போக வேண்டியதில்லை என்று நினைப்பு போலும்.

ஷேக் தஹ்ஷான் அதற்கு முன்பு மொட்டை மாடிகளில் டிஷ் ஆண்டெனா பொருத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் மாடியிலிருந்து விழுந்தார். எழுந்தபோது ஞானியாக எழுந்தார். சாட்டிலைட்டைத் தாண்டி நேரே மேலிடத்தோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்றார். ஊர் தலையாட்டியது. பிறகு தலைப்பாகை வந்தது, தாடி வந்தது, கடைசியில் 'மூச்சுத் தேன்' வந்தது.

தேன் என்றதும் தேனீயைத் தேடாதீர்கள். எங்கள் பக்கம் கரும்புப் பாகைக் கறுப்புத் தேன் என்போம். அதைத்தான் கதவைச் சாத்திக்கொண்டு ஓதிக் கலக்குவார். ஒரு கரண்டி உள்ளே போனால் நெஞ்சு திறக்கும், முகம் சிவக்கும், கொஞ்சம் தலை வலிக்கும். தலை ஏன் வலிக்கிறது என்று கேட்டால், "ஷைத்தான் வெளிய போறப்ப கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போறான்" என்பார். மூச்சு வாங்குகிறவர்களைவிட வயதான ஆண்கள்தான் அதிகம் வந்தார்கள். தேனில் என்ன சுகம் கண்டார்கள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறுவாரமும் வந்தார்கள், மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டு.

ஷேக்கிடம் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஆஸ்பத்திரி மாத்திரைகளைக் கொண்டுவந்து வாசலில் இருக்கும் பித்தளைத் தாம்பாளத்தில் போட்டுவிட வேண்டும்.

"ஒரே வீட்ல ரெண்டு பொண்டாட்டி இருந்தா நிம்மதி இருக்குமா? தேனும் மாத்திரையும் அப்படித்தான். உங்க விஷத்தை என்கிட்ட குடுங்க, நான் கால்வாய்ல கொட்டிடறேன்," என்பார்.

எங்கள் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் இன்ஷிராஹ் இந்தத் தாம்பாளத்துக்கு வந்து சேர்ந்தது நாத்தனார் புண்ணியத்தில். இன்ஷிராஹுக்கு நுரையீரலுக்குப் போகிற ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிப்போயிருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். அலெக்ஸாண்ட்ரியா ஆஸ்பத்திரியில் டாக்டர் மக்தா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? பாடம் எடுத்தார்.

"வேளை தவறாம சாப்பிடுங்க. ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்குச் சேர்த்து ரெண்டாப் போட்டுக்காதீங்க. நல்லாத்தானே இருக்கேன்னு நீங்களா நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா நோய் முன்னைவிட மோசமாத் திரும்பி வரும். வேற எதைச் சாப்பிடறதா இருந்தாலும், பச்சிலையா இருந்தாலும், முதல்ல என்னைக் கேளுங்க. நெஞ்சுவலிக்காரங்க நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வெச்சுக்குவாங்க பாருங்க, அதுவும் இதுவும் ஒரே உடம்புல சேரவே கூடாது. ரத்த அழுத்தம் கிணத்துல கல்லு விழுந்த மாதிரி விழுந்துடும்."

இந்த மருந்துக்கு இன்னொரு புகழும் உண்டு. அதையே வேறு பெட்டியில் போட்டு ஆண்களுக்கு வேறு காரியத்துக்கு விற்கிறார்கள். இன்ஷிராஹ் மருந்துக் கடையில் பெயரைச் சொன்னதும் பக்கத்தில் நிற்கிற ஆண்கள் கூரையை ஆராய ஆரம்பிப்பார்கள்.

"எனக்கு மாடிப்படி ஏறணும், அவ்வளவுதாங்க," என்பாள் அவள், கூரையைப் பார்த்தே.

படியும் ஏறினாள். உடம்பு தேறியது. தேறிய உடம்புதான் நாத்தனார் சமீஹாவுக்கு வசதியாகப் போனது.

"அண்ணி, ஆயுசு பூரா மாத்திரை முழுங்கப் போறீங்களா? ஊரே குணமாகுது, உங்க நெஞ்சு மட்டும் என்ன தனி நெஞ்சா?" என்று தினமும் அரித்தாள். மாத்திரை சாப்பிட்டே அலுத்துப்போயிருந்த இன்ஷிராஹ் ஒருநாள் அட்டையைத் தாம்பாளத்தில் போட்டுவிட்டுத் தேன் பாட்டிலோடு வந்தாள்.

முதல் பாட்டில் நன்றாகவே வேலை செய்தது. முகம் சிவந்தது, தலை லேசாக வலித்தது, மூச்சு முட்டவில்லை. சமீஹா தெருத்தெருவாகப் போய் இதைச் சொன்னாள். இன்ஷிராஹுக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. மாத்திரை ஆரம்பித்த புதிதிலும் இதே சிவப்பு, இதே தலைவலி வந்ததே?

இரண்டாவது பாட்டிலில் வெறும் இனிப்புதான் இருந்தது. சில நாளில் நிலையத்தின் மேம்பாலப் படியில் உதடு நீலம் பாரிக்க உட்கார்ந்துவிட்டாள். நானும் ஒரு போர்ட்டரும்தான் காரில் ஏற்றி அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கொண்டுபோனோம்.

மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு டாக்டர் மக்தா கேட்டார்: "யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீங்க?"

"நிறுத்தலை டாக்டர். தேனுக்கு மாத்திக்கிட்டேன்."

"அந்தத் தேனீ எந்த மெடிக்கல் காலேஜ்ல படிச்சுது?"

"தேனீயே கிடையாது டாக்டர். கரும்பு."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கிச் சொன்னார். இன்ஷிராஹ் அழுதாள். அவளை அங்கேயே படுக்கவைத்து, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள்.

நடக்கத் தெம்பு வந்ததும் ஆண்கள் வார்டில் எட்டிப் பார்த்தாள். அங்கே படுத்திருந்தவர் எங்கள் ஊர் கரீப். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மீசையில் புதுச் சாயம்.

"உங்களுக்கு என்ன ஆச்சு, கரீப் மாமா?"

"தேன் சாப்பிட்டேம்மா. நெஞ்சு லேசா வலிச்சுது. எல்லா மாத்திரையையும் ஷேக்கிட்ட குடுத்துட்டேன், நாக்குக்கு அடியில வைக்கிறதை மட்டும் ஒளிச்சு வெச்சிருந்தேன். அதை வெச்சேன். அப்புறம் தரை எழுந்து என்னைப் பார்த்து வந்துச்சு."

இன்ஷிராஹுக்கு டாக்டர் மக்தா எடுத்த பாடம் ஞாபகம் வந்தது. பிறகு நேரே டாக்டரிடம் போனாள்.

"டாக்டர், என் மாத்திரையைத் தேன்ல பொடிச்சுப் போட்டு அதை கரீப் மாமா சாப்பிட்டிருந்தா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சரியா இப்படித்தான் படுத்திருப்பார். தேனை லேபுக்கு அனுப்பறேன். ஆனா முடிவு வர நாளாகும்."

"வெள்ளிக்கிழமை அதுக்கு முன்னாடி வந்துடுமே. லேப் காகிதத்தைக் காட்டினாலும் எங்க ஊர்க்காரங்க தலையில போட்டுக்குவாங்க டாக்டர். கண்ணால பார்க்கணும்."

வீடு திரும்பியதும் இன்ஷிராஹ் மருந்துக் கடையில் வெறும் கேப்ஸ்யூல் கூடுகள் வாங்கினாள். இனிப்புக் கடையில் நீலச் சாயப் பொடி வாங்கினாள், பண்டிகைக்குச் சர்க்கரைப் பொம்மைக்குப் பூசுகிற அதே சாயம். தின்றால் ஒன்றும் செய்யாது, ஆனால் பட்ட இடத்தை லேசில் விடாது. கூடுகளில் பொடியை அடைத்து, ஒரு மருந்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை மதியம் ஷேக்கிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"புது மருந்து ஷேக். வெளிநாட்டுல இருந்து வந்ததாம். நெஞ்சுக்கு நல்லதாம், ஆம்பளைங்களுக்கு அதைவிட நல்லதாம். எனக்கு எதுக்கு இந்த விஷம்?"

"விஷம்தான்மா, விஷம்தான்," என்றார் ஷேக். பாட்டிலைத் தாம்பாளத்தில் போடவில்லை. ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வரிசையில் நின்று இன்ஷிராஹ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இன்னிக்கு இந்தத் தேனைச் சாப்பிடறவங்க நாக்கு நீலமா மாறும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க. கரீப் மாமா எங்க படுத்திருக்கார்னு என்னைக் கேளுங்க."

"அண்ணி, மானத்தை வாங்காதீங்க," என்று சமீஹா அவள் கையைக் கிள்ளினாள்.

சில கிழவர்கள் மட்டும் நைசாக வரிசையை விட்டு நகர்ந்தார்கள். ஷேக் வந்தார். பெரிய கரண்டியை எடுத்தார். முதல் வாய் சமீஹாவின் வாய்தான். சப்புக்கொட்டிக்கொண்டே திரும்பி, "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை," என்றாள்.

பக்கத்தில் நின்ற பெண் இரண்டடி பின்னால் போனாள். "நாக்கை நீட்டு சமீஹா."

நீட்டினாள். மை பாட்டிலில் விழுந்த பல்லி மாதிரி இருந்தது.

அடுத்த கரண்டி, அடுத்த நாக்கு. வக்கீல் நாக்கும் நீலம், கசாப்புக் கடைக்காரர் நாக்கும் நீலம். ஒருவர் வாயை ஒருவர் பிளந்து பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர் வீட்டு வாசல்கூட அப்படி இருந்ததில்லை.

ஷேக்கின் கரண்டி தேன் பாத்திரத்துக்குள் நழுவியது. உடனே சமாளித்துக்கொண்டார். "வானத்தோட நிறம், பிள்ளைகளே. இன்னிக்கு அருள் நேரா இறங்கியிருக்கு."

"வானத்துல இருந்து இல்ல, ஷேக். இனிப்புக் கடையில இருந்து," என்றாள் இன்ஷிராஹ். மீந்திருந்த ஒரு கேப்ஸ்யூலைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீரில் கொட்டினாள். தண்ணீர் நீலமாகப் பரவியது. "நேத்து உங்க கையில குடுத்தது இதுதான். வாங்கற மாத்திரையெல்லாம் கால்வாய்ல கொட்டறதாச் சொன்னீங்க. கால்வாய்ல போனது நீச்சலடிச்சா தேன் பாத்திரத்துக்குள்ள வந்துச்சு?"

"பொய் சொல்றா."

"சரி, பொய். எல்லார் நாக்கும் நீலமா இருக்கு. உங்க நாக்கைக் காட்டுங்க பார்ப்போம்."

ஷேக் வாயை மூடிக்கொண்டார். கசாப்புக் கடைக்காரர் தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தார். நல்ல சிவப்பு. ஊருக்கெல்லாம் ஊட்டிய தேனை ஒரு நாளும் தான் தொட்டதில்லை அவர். ஆனால் வியர்த்துப் போன கையால் முகத்தைத் துடைத்தபோது கன்னத்தில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தது. பொடித்த கை அல்லவா.

"அப்ப என்னை மேம்பாலப் படியில உட்காரவெச்சதும் நீங்கதான், கரீப் மாமாவைப் படுக்கவெச்சதும் நீங்கதான்," என்றாள் இன்ஷிராஹ். "முதல் பாட்டில்ல விழுந்தது என்னோடது மாதிரி யாரோட மாத்திரையோ, அதனால மூச்சு வந்துச்சு. அடுத்த பாட்டில்ல யாரோட வாயு மாத்திரை விழுந்துச்சோ."

கதவை உடைத்து உள்ளே போனார்கள். உரலும் உலக்கையும், பிரித்துப் போட்ட அட்டைகளும் குவியலாகக் கிடந்தன. இதய மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ஏதோ நாய்க்குப் பூச்சி மாத்திரை. அதைப் பார்த்ததும் வக்கீல் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார். போலீஸ் வந்து ஷேக்கை வண்டியில் ஏற்றியது.

சமீஹா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். "அண்ணி, உங்க மாத்திரையை நானே வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்கறேன்," என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"எடுத்துக் குடுக்க வேண்டாம். நிறுத்தச் சொல்லாம இருந்தா போதும்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இன்ஷிராஹின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் நாக்கும் நீலம்தான்.

"நீங்க முன்கூட்டியே சொன்னீங்க, அப்படியே நடந்துச்சும்மா. உங்களுக்கு ஏதோ சக்தி இருக்கு. என் பிள்ளை தலையில கை வெச்சு ஓதி விடுங்க."

இன்ஷிராஹ் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். "எனக்கு ஒரு சக்தியும் இல்லம்மா. சாயத்தைக் கலந்தது நான், அதனால முன்னாடியே தெரிஞ்சுது. இனிமே யாராவது முன்கூட்டியே தெரியும்னு சொன்னா, சாயம் யார் கையில இருக்குன்னு பாரு."

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு என்னிடம் வந்து, அம்மாவை எந்தக் கிழமையில் பார்க்கலாம் என்று தணிந்த குரலில் விசாரித்தாள்.

ஷேக்கைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் உட்கார்ந்த நாற்காலி மட்டும் ஊரார் தலைக்குள்ளேயே கிடக்கிறது. அதை எடுத்து வெளியே எறிய எந்தப் போலீஸும் வராது. தலைக்குச் சொந்தக்காரர்கள்தான் கொஞ்சம் சிரமம் பார்க்காமல் யோசிக்க வேண்டும்.