சேற்றுக்குள் கேட்ட சம்மதம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் நலம். நலம் என்பது வழக்கத்துக்காக எழுதியது. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை; வலது காதுக்குள் இன்னும் கொஞ்சம் சேறு இருக்கிறது. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு நேற்றிலிருந்து அதுவும் உண்டு.

நல்ல சேதி சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாகப் பேனாவை எடுத்தேன். நீ பார்த்துக் கொடுத்த சம்பந்தம் முடிவாகிவிட்டது. முடித்தது நான்.

மாப்பிள்ளையின் அப்பா, அந்த வழுக்கைத் தலைப் பல் டாக்டர், மூன்று மாதமாக "யோசிச்சுச் சொல்றேன்" என்ற இரண்டே வார்த்தையில் நம்மை நிறுத்தி வைத்திருந்தது உனக்குத் தெரியும். ஊரையெல்லாம் வாயைத் திற என்கிறவர் தன் வாயைத் திறக்கவில்லை. இங்கே மகளோ சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் அவளும் அந்தப் பையனும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சேற்று ஓட்டமாம். ஐந்து கிலோமீட்டர், பதினெட்டுத் தடை. இரண்டு அப்பாக்களும் சேர்ந்து ஓடினால் மனம் விட்டுப் பேசிவிடுவார்களாம்.

"யாரு துரத்துறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் துரத்தலப்பா. ஜாலிக்கு."

அக்கா, நான் இருபத்தெட்டு வருடமாகச் சலவைக் கடை வைத்திருப்பவன். வெள்ளைச் சட்டையில் சேற்றைக் கொண்டு வருகிறவர்களை மனதுக்குள் திட்டியே எனக்குப் பாதி முடி போயிற்று. என்னைப் போய் சேற்றில் இறங்கச் சொன்னால்? ஆனால் பெற்ற மகள். சரி என்றேன்.

நேற்றுக் காலை மைதானத்துக்குப் போனால் முந்நூறு பேர், ஏதோ கல்யாண விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க, உடைஞ்சா அப்புறம் கடைச் சீட்டை யார் படிக்கிறது?" என்று மனைவி பிடுங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி இல்லையென்றால் எனக்கு மனுஷனும் மரமும் ஒன்று. "அங்கிள், அப்பா முன்னாடி போயிருக்கார், நீங்க பிடிச்சிடலாம்" என்று மாப்பிள்ளைப் பையன் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்; வருங்கால மாமனார் என்ற மரியாதை. விசில் ஊதினார்கள், ஓடினேன்.

முதலில் ஒரு வலை, அதற்கடியில் சேற்றில் தவழ வேண்டும். நான் கடைசியாகத் தவழ்ந்தது எப்போது என்று உனக்குத்தான் தெரியும், நீதானே என்னைப் பார்த்துக்கொண்டாய். பாதி தூரத்தில் சட்டைக் காலர் வலையில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ தலையால் முட்டி வெளியே தள்ளிவிட்டார்கள். அடுத்து ஆளுயர மரச்சுவர். அதில் ஏறலாமா, சுற்றிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தபடி குனிந்து மூச்சு வாங்கினால், தாட்டியான ஒரு அம்மா என் இடது தோளில் காலை வைத்து ஏறிப் போய், "தேங்க்ஸ் தம்பி, அப்படியே நில்லுங்க" என்றார். நின்றேன். அவருடைய தங்கையும் ஏறினார். அப்புறம் அவர்களுடைய ஆபீசே ஏறியது. அப்புறம் டயர், கயிறு, வழுக்குப் பலகை, அதிலிருந்து தலைகீழாக ஒரு குட்டை. அந்தச் சேற்றின் ருசியைப் பற்றி எழுத மாட்டேன், நீ சாப்பிடும் நேரத்தில் படித்தாலும் படிப்பாய். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமென்றுகூட நினைத்தேன். மகள் தட்டில் போட்ட கோடு ஞாபகம் வந்தது; எழுந்து ஓடினேன்.

பதினாலாவது தடையில்தான் அவரைப் பிடித்தேன். இடுப்பளவு சேற்றில், வழுக்கைத் தலையோடு, நட்டு வைத்த கம்பம் மாதிரி அசையாமல் நின்றார். பக்கத்தில் போய், "சம்பந்தி, நான்தான்" என்றேன்.

"யாராயிருந்தாலும் கையைக் குடுங்க. கால் மாட்டிக்கிச்சு!"

இதைவிட்டால் இந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டினேன், ஆனால் இழுக்கவில்லை. "குடுக்கறேன். முதல்ல நம்ம விஷயத்தைச் சொல்லுங்க. ரெண்டு குடும்பமும் ஒண்ணாச் சேர்றதுல உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்! இழுங்க!"

"மனசாரச் சொல்றீங்களா?"

"ஐயோ, மனசார!"

இழுத்தேன். அவருடைய ஒரு ஷூ சேற்றோடு போயிற்று. கரையேறியதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். "நாளைக்குக் குடும்பத்தோட வந்துடுங்க, பேசி முடிச்சிடலாம்" என்று கடையைச் சொல்லி, அதன் மாடிதான் வீடு என்றேன். "கட்டாயம்" என்றார். எனக்கு அழுகை வந்தது அக்கா. சேறு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

ஒற்றை ஷூவோடு அவர் பின்தங்கிவிட்டார் என்று நினைத்து முடிவுக் கோட்டுக்கு வந்தால், சம்பந்தி எனக்கு முன்பே அங்கே நிற்கிறார்! மனைவியிடமிருந்து கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. என் தொழிலிலேயே அப்படியொரு வெளுப்பை நான் பார்த்ததில்லை. என்ன சோப்பு என்று கேட்கலாமென்று பக்கத்தில் போனேன், இரண்டடி பின்னால் நகர்ந்தார். கூச்ச சுபாவம்.

ஆகவே நீ கவலையை விடு. அத்தானிடமும் சொந்தபந்தம் எல்லோரிடமும் தாராளமாகச் சொல்லிவிடு. இனி ஆயுசுக்கும் சேற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பின்குறிப்பு: யாரிடமும் சொல்லாதே. மகள் இப்போதுதான் எழுந்து வந்து இதைப் படித்தாள். "டாக்டர் மாமா ஓடவே இல்லப்பா. சேத்தைப் பாத்ததும் காருக்குள்ள போய் உக்காந்துட்டார். உங்ககிட்டச் சொல்ல அவருக்கு வெக்கம்" என்கிறாள். கீழே கதவு தட்டுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக வழுக்கைத் தலையர் ஒருவர் நிற்கிறார். யாரென்று கேட்டால், லிஃப்ட் மெக்கானிக்காம். சொன்ன வாக்குப்படி மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பையன் லட்சணமாகத்தான் இருக்கிறான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறானாம்.