அபாயமில்லாத வேலை ஒன்று வேண்டி

கிறிஸ்துவுக்குள் பிரியமான வெர்லின் அண்ணனுக்கு,

தங்கை ட்வைலா எழுதிக்கொள்வது. இந்த வாரத்துச் சுழற்காற்றை நம் ஊர்ப் பக்கம் திருப்பாமல் அடுத்த மாவட்டத்தோடு நிறுத்திக்கொண்ட தேவனுக்கு ஸ்தோத்திரம். அடுத்த மாவட்டக்காரர்களுக்காகவும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே நானும் உன் மாப்பிள்ளை ராய்ஸும் இருக்கிறோம். அங்கே உன் இரத்த அழுத்தமும் ஜொலீன் அண்ணியின் முழங்காலும் அடங்கி நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன்.

மூன்று தெரு தள்ளி இருக்கிற கூடப்பிறந்தவனுக்கு ஒருத்தி கடிதம் எழுதுகிறாளே என்று அண்ணி சிரிக்கக்கூடும். அவரிடம் நீயே சொல்லிவிடு. போன ஞாயிறு ஆலயப் படிக்கட்டில், "அண்ணா, ராய்ஸ் வேலை விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்றேன். நீ படிக்கட்டுக் கைப்பிடியை விடாமலே, "தொழிற்சாலை விஷயம்னா எழுத்துல குடு ட்வைலா. நான் அங்க பாதுகாப்பு அதிகாரி. வாய்ப்பேச்சா எதையும் ஏத்துக்க முடியாது" என்றாய். "நான் ஒன் தங்கச்சிண்ணா" என்றேன். "அதனாலதான் எழுத்துல" என்றாய். ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், படித்ததெல்லாம் வேதாகமத்திலும் ஊர் நூலகத்திலும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சவப்பெட்டியை உள்ளே வைத்துப் புதைக்கிற கான்கிரீட் பெட்டிகளை உங்கள் தொழிற்சாலை வார்க்கிறது. அதில் ஒன்றின் மூடி, பளுதூக்கிச் சங்கிலி நழுவி ராய்ஸின் முதுகில் இறங்கியது உனக்குத் தெரியும், விபத்து அறிக்கையை எழுதியதே நீதான். அதற்குப் பிறகு டாக்டர் அபின் வகை வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவர் தொழிற்சாலைக்குள்ளே சரக்கு தூக்குகிற வண்டியை ஓட்டினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குளிர்பான இயந்திரத்தின் நடுவே வண்டியை ஓட்டி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தாரே, அன்றைக்கும் போதைச் சோதனை செய்தீர்கள். "டாக்டர் சீட்டு இருக்கு, பாட்டில்ல அவர் பேர் இருக்கு, அப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல" என்று எழுதி அனுப்பிவிட்டீர்கள். தண்டனை பெற்றது குளிர்பான இயந்திரம் ஒன்றுதான், அதை எடுத்துவிட்டார்கள். வீட்டில் அவர் குழம்புத் தட்டில் முகத்தை வைத்துத் தூங்குவார். நான் முகத்தைத் தூக்கித் துடைத்துவிட்டு மீதியைச் சாப்பிடுவேன். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாஸ்டர் கென்ட் மனந்திரும்புகிறவர்களை முன்னால் வரச்சொல்லி அழைத்தார். ராய்ஸ் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன் முழங்காலிட்டுத் தலையைக் கவிழ்த்தார். பாட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. ஆவியானவர் இவரிடத்தில் பெரிய காரியம் செய்கிறார் என்று சொல்லி பாஸ்டர் பாட்டை முதலிலிருந்து பாடவைத்தார், அது முடிந்ததும் இன்னொரு முறை பாடவைத்தார். சபையே அழுதது. நானும் அழுதேன், இத்தனை வருஷ ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நன்றிக் கண்ணீர். சபையில் வாயே திறக்காத நீ கூட "ஆமென்!" என்று கத்தினாய். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஓரில்தான் கிட்டே போய், "பாஸ்டர், பாட்ட நிறுத்துங்க. இந்தாளு உதடு நீலமா இருக்கு" என்றார். மாத்திரை மயக்கத்தை முறிக்கிற மருந்தை மூக்கில் அடித்து அவரை எழுப்பி உட்காரவைத்தபோது ராய்ஸ் முதலில் கேட்டது, "சாப்பாடு போட்டுட்டாங்களா?"

அந்தப் பாட்டை இப்போது வானொலியில் கேட்டாலும் எழுந்து போய் அவர் உதட்டின் நிறத்தைப் பார்க்கிறேன்.

கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா என்று மாநிலம் ஓட்டுக் கேட்டபோது வேண்டாம் என்று போட்டவள் நான். உன் வண்டியில்தான் போனோம், திரும்பும்போது நீ கேக் வாங்கிக் கொடுத்தாய். தேவன் என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். அடுத்த வருஷமே, பழைய டயர் கடை இருந்த இடத்தில் பச்சைச் சிலுவை மாட்டின கஞ்சா மருந்துக் கடைக்கு வெளியே, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். நம் பாடகர் குழுவில் பாதிப் பேர் உள்ளே வரிசையில் நின்றார்கள், எல்லாருமே வேறு யாருக்கோ வாங்க வந்தவர்கள். வீட்டுக் கணக்கில் அதை 'மருந்து' என்று எழுதக் கை வரவில்லை, 'டயர்' என்று எழுதினேன். ஆனால் அண்ணா, நாக்குக்கு அடியில் அந்தக் கஞ்சா எண்ணெயை இரவு நாலு சொட்டு விட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாய் அவர் மாத்திரையை விட்டார். சாப்பிடும்போது விழித்திருந்தார். வேலிக்கு வர்ணம் அடித்தார். என்னோடு சண்டை போட்டார், ஸ்தோத்திரம். அன்றிலிருந்து 'மருந்து' என்றே எழுதுகிறேன்.

டாக்டர் சிபாரிசின் பேரில் மாநிலம் தருகிற கஞ்சா மருந்து உரிமக் கார்டு வந்த அன்றே அவராக வந்து சரக்கு வண்டிச் சாவியை உன் மேசையில் வைத்தார். "சொட்டு மருந்து எடுத்துக்கிட்டு இத ஓட்டக்கூடாதுதான் மச்சான். வேற வேல குடு" என்றார். அது நியாயம். கார்டு இருக்கிறதென்று ஒருவரை நீக்கக்கூடாது, ஆனால் பிறர் உயிருக்கு அபாயமான வேலையில் வைத்திருக்கவும் வேண்டாம் என்றுதான் சட்டமும் சொல்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அபாயமான வேலைகள் என்று நீ போட்ட பட்டியல் அப்போது சின்னதாக இருந்தது. வண்டி, பளுதூக்கி, கலவை இயந்திரம், அவ்வளவுதான். அவரைப் பெருக்க விட்டார்கள். துடைப்பக் கழியில் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று பெருக்குவதைப் பட்டியலில் சேர்த்தாய். தொலைபேசியில் உட்காரவைத்தார்கள். "ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டி வந்தா?" என்று அதையும் சேர்த்தாய். காப்பி போடுவது சுடுதண்ணீர், சேர்த்தாய். காட்சியறையில் பிளாஸ்டிக் பூவுக்குத் தூசி தட்டப் போனார், உயரப் பூவுக்கு முக்காலி வேண்டியிருந்தது, அதையும் சேர்த்தாய். நீ வேண்டுமென்று செய்யவில்லை. உனக்கு எங்கே பார்த்தாலும் விபத்து தெரியும், நன்றி தெரிவிக்கும் நாளில் வெந்த வான்கோழியை வெட்டப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுகிறவன் நீ. ஆனால் இப்போது உங்கள் தொழிற்சாலையில் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்தான், அவர்களுக்கு இனி ஒன்றும் நேராது.

கடைசியில் அவருக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி. பின்கட்டு அறையில், சுவரைப் பார்த்து. சம்பளம் அதே சம்பளம், குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷம் வேலை செய்த ஆள் காலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருகிறார். பையன்கள் எட்டிப் பார்த்து, "என்ன ராய்ஸண்ணே, இன்னிக்கு உக்காந்ததுல அடிகிடி படலையே?" என்கிறார்களாம். ஒருத்தன் நாற்காலி முதுகில் 'மெதுவாக எழவும்' என்று உன்னுடைய மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டியிருக்கிறான். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இப்போது ஒரு மாதமாய் அதைக் கூடச் சொல்வதில்லை. வருகிறார், சாப்பிடுகிறார், முன்னறையிலும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். அந்த நாற்காலிதான் அவரைத் தின்கிறது.

நீ எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்று சொன்னதும் அதிலே சேர்ந்துகொண்டது. நான் இறைச்சி எடுத்துவர உள்ளே போயிருந்தேன், காது உள்ளே போகவில்லை.

"மாப்ள, ஒனக்கு ஒரு வழி இருக்கு. கார்டத் திருப்பிக் குடு. பழைய மாத்திரையே நல்லதுதான். வண்டி அன்னிக்கே கையில."

"அதுவும் டாக்டர் குடுத்த காகிதம், இதுவும் டாக்டர் குடுத்த காகிதம். என்ன மச்சான் வித்தியாசம்?"

"அது சீட்டு. இது வெறும் சிபாரிசு. இன்சூரன்ஸ்காரனுக்கு சீட்டுதான் புரியும்."

"அந்த மாத்திரைல நான் செத்துப் போனேன் மச்சான்."

"சோதனைல தேறின இல்ல?"

இதைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாய். சனிக்கிழமை விட்ட சொட்டு அடுத்த மாதச் சோதனையிலும் தெரியும், காலையில் விழுங்கின மாத்திரை சீட்டைக் காட்டினால் யார் கண்ணுக்கும் தெரியாது. இதுதான் பாதுகாப்பு என்றால், எனக்குப் புரியவில்லை அண்ணா, எழுத்தில் விளக்கவும்.

இனி என் விண்ணப்பம். வண்டி கேட்கவில்லை, பளுதூக்கி கேட்கவில்லை. மூடியின் மேல் இறந்தவர் பெயரை எழுத்தெழுத்தாய்ப் பதிக்கிறார்களே, அந்த ஒரு வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. பசை வாசனை என்று எழுதியிருக்கிறாய், நான் முகத்துக்குத் துணி தைத்துத் தருகிறேன். அவருக்கு நல்ல கை. ஒரு மனிதனுக்குக் காலையில் எழுந்து போக ஒரு காரியம் வேண்டும், இல்லையென்றால் இவர் நீ சொன்ன வழிக்கே போய்விடுவார், நான் மறுபடி தட்டிலிருந்து முகத்தைத் தூக்க வேண்டியதாகிவிடும். இந்தத் தடவை ஓரில் பக்கத்தில் இருப்பாரோ என்னவோ. திங்கட்கிழமைக்குள் செய்.

கர்த்தர் உன் வீட்டுக் கூரையையும் அண்ணியின் முழங்காலையும் காப்பாராக. உன் கண்ணுக்குத் தெரிகிற ஆயிரம் விபத்துகளுக்கும் தெரியாத ஒன்றுக்கும் உன்னை விலக்குவாராக. அண்ணிக்கு என் அன்பு, பீச் ஜாம் பாட்டிலைத் திருப்பித் தரச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை
ட்வைலா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது ராய்ஸ் வந்துவிட்டார். கையில் வண்டிச் சாவி. முகமெல்லாம் சிரிப்பு. சொட்டை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறதாம், என்னிடம் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தது வலியினால், நான் நாற்காலியைத் திட்டிக்கொண்டிருந்தேன். மருந்துக் கடைச் செலவு குறைந்ததே என்று மிச்சத்தைக் காணிக்கைப் பெட்டியில் வேறு போட்டேன். நேற்றுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தாராம், இன்று சோதனையில் தேறினாராம், எல்லாரும் கை தட்டினார்களாம். சோதனைத் தாளில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். புதிதாய் வாங்கின பழைய மாத்திரை பாட்டிலில் அவர் பெயர் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது. "ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன் ட்வைலா" என்றார், பூட்ஸைக் கழற்றுமுன் தூங்கிவிட்டார்.

ஆகவே மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடு. எந்த வேலையும் வேண்டாம். அவரை நீக்கிவிடு அண்ணா, திங்கட்கிழமை அந்த வண்டியில் ஏறுமுன் நீக்கிவிடு. காரணம் உனக்கா கிடைக்காது. பட்டினி கிடந்தாலும் கிடக்கிறோம். ஓரில் கொடுத்த மூக்கு மருந்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணுகிறது, மன்னித்துக்கொள், இடது கையை அவர் மார்பிலிருந்து எடுக்க முடியவில்லை.