நூற்றுக்கு நூறு வருகையும் ஒரு விறகுக் கட்டையும்

மலாவியில் எங்கள் சிசிம்பா கிராமத்துப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வராததற்குக் காரணம் அடுப்புதான் என்று மாவட்ட அலுவலகம் தீர ஆராய்ந்து கண்டுபிடித்தது. அதுவரை காரணம் நான்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நான் உட்பட. எனவே தலைமையாசிரியர் என்ற முறையில் அக்கண்டுபிடிப்பை மனமார வரவேற்றேன்.

மூன்று கல் வைத்து எரிக்கிற அடுப்பு விறகை விழுங்கும். பிள்ளைகள் விடிந்ததும் மலைக்குப் போய் விறகு பொறுக்கித் திரும்புவதற்குள் இரண்டு பாடம் முடிந்திருக்கும். இதை ஒழிக்க வக்கிசா என்கிற திட்ட அதிகாரி வீட்டுக்கு வீடு ஒரு மண் அடுப்பு கொடுத்தார். குறை சொல்லக் கூடாது, நல்ல அடுப்பு. மணி உதிர்த்த வெறும் சோளக் கதிரைப் போட்டாலே களி வெந்துவிடும். புகையும் இல்லை, மலைக்குப் போகிற வேலையும் இல்லை.

ஒரே மாதத்தில் வருகை பாதியாகக் குறைந்தது.

வக்கிசா பதறிப்போய் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூட்டம் போட்டோம். எலுபியும் வந்திருந்தாள். அவள் மகள் சிகோண்டிக்கு எட்டாம் வகுப்பு, அந்த வருடம் அரசுத் தேர்வு. மகளை எப்பாடு பட்டாவது மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறவள்.

"அடுப்பு சரியா எரியுதாம்மா?" என்று வக்கிசா கேட்டார்.

"அடுப்புக்கு என்ன கொறச்சல்? தங்கமா எரியுது. அதான் தொந்தரவே."

"அதெப்படி?"

"முன்னெல்லாம் வீட்டுல சுமை சுமையா விறகு கிடக்கும். காலைல புள்ள ஒரு கட்டைய உருவிக்கிட்டு பள்ளிக்கூடம் போயிடும். இப்போ வீட்டுல ஏது விறகு? வெறுங்கையோட போனா சார் திருப்பி அனுப்பிடறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

தினம் ஆளுக்கு ஒரு கட்டை என்பது எங்கள் பள்ளி விதி. பிள்ளைகளுக்குக் கஞ்சி அதில்தான் வேகிறது. மிச்சம் என் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்வது விதியில் எழுதப்படாத பகுதி. ஆனால் விதியைவிட ஒழுங்காக நடக்கும்.

"திருப்பி அனுப்பினா புள்ள எங்க போகுது?" என்று வக்கிசா எலுபியைக் கேட்டார்.

"மலைக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு விறகு பொறுக்க. வீட்டுக்குப் பொறுக்கினப்போ ரெண்டு பாடம் போச்சு. இப்போ வெயில்ல ஏறி இறங்கறதுக்குள்ள நாளே போயிடுது."

"சார், அந்த விதிய எடுத்துடலாமே," என்றார் வக்கிசா.

"எடுக்கலாம். மேலிடத்துலேருந்து சுற்றறிக்கை வரணும்."

"போடறப்போ வந்துச்சா?" என்றாள் எலுபி.

"போட நானே போதும்மா. எடுக்கத்தான் அதிகாரம் இல்ல."

"அப்போ பள்ளிக்கூடத்துக்கே ஒரு பெரிய அடுப்பு குடுங்க," என்று அவள் வக்கிசாவிடம் கேட்டாள்.

"நம்மளது வீட்டு அடுப்புத் திட்டம்மா. பள்ளிக்கூடம் வீடு ஆகாதே," என்று வக்கிசா உண்மையிலேயே வருந்தினார். பிறகு முகம் தெளிந்தது. "ஹெட்மாஸ்டர் வீடு வீடுதானே?"

இப்படியாக எனக்கு ஒரு அடுப்பு கிடைத்தது. வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை, ஒரு யோசனை சொன்னேன். பிள்ளைகள் மலைக்குப் போவது பள்ளிக்காக. பள்ளி வேலையாகப் போன பிள்ளை எப்படி வராத பிள்ளை ஆகும்? வக்கிசா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் முதல் மலையில் இருப்பவர்களுக்கும் வருகை போட்டேன். நூற்றுக்கு நூறு வந்தது. மாவட்டமே வியந்து விழா எடுத்தது. விருந்தாளிகளுக்குக் காளை மாட்டுக் கறி. மண் அடுப்பில் அவ்வளவு பெரிய பானை நிற்காது என்பதால் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். அதை முன்னிட்டு அன்று மட்டும் ஆளுக்கு இரண்டு கட்டை. ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவி என்று சிகோண்டிக்கு நோட்டுப் புத்தகம் பரிசு கொடுத்தோம். மகள் விருந்து விறகுக்காக மலையில் இருந்ததால் எலுபிதான் மேடையேறி வாங்கிக்கொண்டாள். வக்கிசாவுக்குத் தலைநகரில் பதவி உயர்வு கிடைத்தது.

தேர்வு முடிவு வந்தது. எலுபி என் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு நாளும் தவறாம வந்த புள்ளன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எப்படி சார் ஃபெயிலாச்சு?"

"பாடத்துல கவனம் பத்தலம்மா."

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மறுபடி எட்டாவதுலயே சேத்துக்குங்க. அந்தக் கட்டை விதி இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

என் புது அடுப்பில் இரண்டு சுள்ளியில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. செலவாகாத விறகு சுவரோரம் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. எலுபி அதை அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்ளோ கிடக்குதே சார். இதுல ஒரு கட்டைய எம் புள்ளைக்குக் குடுங்களேன். தினம் காலைல அதையே கொண்டாந்து உங்ககிட்ட குடுத்துடுவா. சாயங்காலம் திரும்ப வாங்கிக்குவா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு எளிய வழி எந்த ஆராய்ச்சியிலும் வரவில்லையே என்று அவளைப் பாராட்டினேன். மேலிடத்துக்கு எழுதி அனுமதி கேட்கிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

எழுதியும் விட்டேன். பதில் வரும்வரை சிகோண்டி மலைக்குத்தான் போய்வருகிறாள். வருகை மட்டும் தவறாமல் போட்டுவிடுகிறேன்.