வத்தல் மூட்டைக்கு நடுவே ஒரு சர்வர்

பெங்களூரில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தும் அருமை மகன் சுடலைக்குமாருக்கு,

பசுவந்தனையிலிருந்து அப்பா பூவனலிங்கம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை முத்துச்செல்வி, ஆடுகள் பதினொன்று யாவரும் சுகம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருப்பாய்; நீ அனுப்பிய பெட்டி இங்கே அல்லவா இருக்கிறது.

கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் போட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்ப்பா' என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாயாம், உன் தங்கை சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து படி.

முத்துச்செல்வி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று உன் தாய்மாமன் கயத்தாறு சங்கிலிப்பாண்டி முறுக்கிக்கொண்டு நிற்பது உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் உன் அக்கா ராதாமணி கல்யாணத்தில் தாய்மாமனுக்கு உரிய மாலையை அவனுக்குப் போடவில்லையாம். அட கொடுமையே, இந்தக் கையால் போட்டேன்! தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மேடைக்கு யார் கூட்டி வருவது? தம்பி வருகிற வரைக்கும் குழம்பில் உப்பு கிடையாது என்று உன் அம்மா முடிவெடுத்துவிட்டாள். இருக்கிற ஒரே சாட்சி கல்யாண வீடியோ. எடுத்தவர் கடையை மூடிவிட்டுத் துபாய் போய்விட்டார். டிஸ்க் உன்னிடம். அதை அனுப்பு, டிவியில் சொருகிப் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் கேட்டது ஒரு குற்றமா? 'ஒரே டிஸ்க்கை நம்பக் கூடாதுப்பா. வீட்லயே ஒரு சர்வர் வைப்போம். வீட்ல இருக்கிற எந்தப் போன்லயும் பாக்கலாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பத்திரமா இருக்கும்' என்று சொல்லி, சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை அட்டை, டிஸ்க், விசிறி வைத்த டப்பா, கூடவே நாலு பக்கத்துக்கு ஒரு திட்டமும் அனுப்பி வைத்தாய்.

திட்டத்தின் முதல் வரியே, 'ஈரமில்லாத, காற்றோட்டமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைக்கவும்.' முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து, நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் நூறு பேரை ஏற்றியவன் நான். ஒரு டப்பாவுக்கு இடம் பிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. முன் அறையில் வெயில். பின் அறைச் சுவரில், நம் கரிசல் மண் சங்கதிதான் தெரியுமே, ஆணி அடித்தால் கை நுழைகிற விரிசல். கடைசியில் உன் அம்மாதான், "ஏங்க, வத்தல் மூட்டை கெடக்க ரூம்புதான் ஈரமில்லாம காத்தோட்டமா இருக்கு. அங்கன வச்சிருங்க" என்றாள். நீ எழுதிய மூன்றுக்கும் அந்த அறைதான் பொருந்தியது. மிளகாய் வத்தலைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் நாகலாபுரத்துச் சம்பந்தி வீட்டார் கல்யாண நாள் பேச வந்தார்கள். அவர்களுக்கு ராதாமணி கல்யாணப் போட்டோ காட்டலாம் என்று உன் தங்கை போய் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. விரல் நீளம்கூட இல்லை, என்ன வேகம்டா அதற்கு! நான் "ஆவணி பதினொண்ணு" என்றேன். சம்பந்தியம்மா தும்மினார். நாள் பேசும்போது தும்மினால் விளங்குமா? எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டு "ஆவணி பதினெட்டு" என்றோம். சம்பந்தி தும்மினார். ஐப்பசிக்குப் போனோம், உன் அம்மா. தைக்குப் போனோம், நானே. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு வருசத்துல நல்ல நாளே கெடையாதா?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு எல்லோரும் தெருவுக்கு ஓடி, வேப்பமரத்தடியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று ஆவணி பதினொன்றையே முடிவு செய்தோம்.

அப்புறம் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். புதுச் சாமான் ஆச்சே என்று உன் அம்மா சந்தனம் வைத்தாள். ஒயர் சொருகுகிற நாலு சதுர ஓட்டையும் பொட்டு வைக்க வாகாகத் தெரிந்ததாம், நாலையும் அடைத்துவிட்டாள். சேலை ஊக்கை வைத்து அரை நாள் நோண்டினேன். இப்போது விளக்கு எரிகிறது, உன் அம்மா தினமும் கும்பிடுகிறாள்.

இன்று சாயங்காலம் உன் மாமன் வருகிறான். "நான் மாலை போடலைன்னா மீசைய எடுத்திருதேன்லே" என்று சவால் விட்டிருக்கிறேன். அவனும் சாட்சிக்கு நாலு பேரைக் கூட்டி வருகிறானாம். வரட்டும். ஆகவே மகனே, இந்த வீடியோ எந்தக் காலத்திலும் அழியக் கூடாது. இன்னும் இரண்டு பிரதி எடுத்து வை. நம் வம்சமே பார்க்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி சீக்கிரம் படு. சுடலைமாடன் உன் கூடவே நிற்பார்.

அன்புள்ள அப்பா,
பூவனலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் மாமன் வந்துவிட்டான். எல்லோரும் பார்த்தோம். நான் மாலை போடுவது ரொம்பத் தெளிவாக விழுந்திருக்கிறது. மைக்செட் வன்னியபெருமாளுக்குப் போடுகிறேன். அவரும் குனிந்து வாங்கிக்கொள்கிறார். உன் மாமன் பேரை மைக்கில் மூன்று தரம் கூப்பிடுகிறார்கள். கேமரா டிபன் பந்திக்குப் போகிறது. அங்கே அவன், "வாரேன் வாரேன்" என்று இடது கையை ஆட்டிவிட்டு, வலது கையால் மூன்றாவது தடவையாகக் கேசரி வாங்குகிறான். கூட வந்த நாலு பேரும் அதையே அவரவர் போனில் திரும்பத் திரும்ப ஓட்டிச் சிரிக்கிறார்கள். உன் மாமன் என்னை ஆட்டுக்கொட்டகைக்குத் தனியாகக் கூட்டிப்போய், "அத்தான், கல்யாணத்துக்கு மொத நாளே வந்திருதேன். மாலைகூட வேண்டாம். இத மட்டும் அழிச்சிருங்க" என்றான். எனக்கும் மீசை மேல் ஆசை உண்டு. இருவருமாகப் பெட்டியைப் பிடுங்கி வத்தல் மூட்டைக்குள் புதைத்துவிட்டோம். ஏலே, ஒன்று போனாலும் இன்னொன்று பத்திரமாக இருக்கும் என்றாயே, அந்த இன்னொண்ணு எங்கனலே இருக்கு?